28 பேர் திறந்த கதவு

குட்டீஸ், ஆங்கில எழுத்துகளை வரிசையாகச் சொல்லுங்கள் பார்க்கலாம். ஏ, பி, சி, டி... எட்டாவது எழுத்து வந்ததும் அப்படியே நில்லுங்கள்!

அந்த எழுத்தை எப்படிச் சொன்னீர்கள்? "ஹெய்ச்" என்றா, "எய்ச்" என்றா?

நம் வகுப்பில் எப்படிச் சொன்னாலும் ஒன்றும் ஆகிவிடாது. மிஞ்சிப் போனால் இங்கிலீஷ் டீச்சர் திருத்துவார். ஆனால் வட அயர்லாந்தில் அப்படி இல்லை. அங்கே இந்த ஓர் எழுத்தைச் சொன்னால் போதும், "ஓகோ, நீ அந்தப் பக்கத்து ஆளா?" என்று கண்டுபிடித்து விடுவார்கள்! "ஹெய்ச்" என்று சொன்னால் பெரும்பாலும் கத்தோலிக்கர். "எய்ச்" என்று சொன்னால் பெரும்பாலும் புராட்டஸ்டண்ட்.

எல்லாரும் பேசுவது ஆங்கிலம்தான். எல்லாரும் வாழ்வது ஒரே ஊரில்தான். அப்புறம் எப்படி ஓர் எழுத்து மட்டும் இரண்டாகப் பிரிந்தது?

காரணம் ரொம்ப சுலபம். எழுத்துகளை எங்கே கற்றுக்கொள்கிறோம்? பள்ளிக்கூடத்தில். அங்கே இரு பிரிவினருக்கும் பள்ளிக்கூடமே தனித்தனி!

அந்த ஊரில், "எங்கள் பிள்ளைகள் ஒரே பள்ளியில் சேர்ந்து படிக்கட்டுமே" என்று ஆசைப்பட்ட சில அப்பா அம்மாக்களின் கதையைத்தான் இப்போது படிக்கப் போகிறீர்கள். அவர்கள் தொடங்கிய பள்ளியின் பெயர் லாகன் காலேஜ். 'காலேஜ்' என்ற பெயரைப் பார்த்து ஏமாந்து விடாதீர்கள். 11 வயது முதல் 18 வயது வரை உள்ளவர்கள் படிக்கும் உயர்நிலைப் பள்ளிதான் அது.

ஊர் எங்கே இருக்கிறது?

உலக வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துக்கு மேற்கே, கடலுக்கு நடுவில் ஒரு தீவு தெரிகிறதா? அதுதான் அயர்லாந்து. 1921-ம் ஆண்டு இந்தத் தீவு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. தீவின் பெரும்பகுதி பின்னர் தனிக் குடியரசானது. வடகிழக்கு மூலையில் இருக்கும் வட அயர்லாந்து மட்டும் பிரிட்டனோடு இருந்துவிட்டது.

வட அயர்லாந்தின் தலைநகரம் பெல்ஃபாஸ்ட். கடலில் மூழ்கிப்போன டைட்டானிக் கப்பலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்களே, அதைக் கட்டியது இந்த ஊரில்தான். ஊருக்கு நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. அதன் பெயர் லாகன். நம் பள்ளிக்கும் அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள்.

நம் ஊரில் 'ஆர்.சி. கோயில்', 'சி.எஸ்.ஐ. கோயில்' என்று சொல்கிறோம் அல்லவா? ஆர்.சி. என்பது கத்தோலிக்கத் திருச்சபை. சி.எஸ்.ஐ. என்பது புராட்டஸ்டண்ட் வழியில் வந்த சபைகள் பல ஒன்றாகச் சேர்ந்து உருவானது. இரண்டிலும் வணங்குவது ஒரே இயேசுவைத்தான். அங்கேயும் அப்படியேதான்.

பிறகு ஏன் சண்டை? உண்மையில் அங்கே நடந்த சண்டை, எப்படி ஜெபம் செய்வது என்பது பற்றியதே அல்ல. 'நாம் எந்த நாட்டோடு இருக்க வேண்டும்?' என்பதுதான் பெரிய கேள்வி. புராட்டஸ்டண்டுகளில் பெரும்பாலோர், "நாங்கள் பிரிட்டிஷ்காரர்கள், பிரிட்டனோடுதான் இருப்போம்" என்றார்கள். கத்தோலிக்கர்களில் பெரும்பாலோர், "நாங்கள் ஐரிஷ்காரர்கள், அயர்லாந்தோடு சேர வேண்டும்" என்றார்கள். வேலை, வீடு, ஓட்டு இவற்றில் தங்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்ற கோபமும் கத்தோலிக்கர்களுக்கு இருந்தது.

1960-களின் கடைசியில் அந்தக் கோபதாபங்கள் கலவரமாக வெடித்தன. துப்பாக்கி, வெடிகுண்டு, ராணுவம்... சுமார் 30 ஆண்டுகள்! 3,500-க்கும் அதிகமானவர்கள் இறந்துபோனார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு.

இரண்டு பக்கத்தாரும் மோதிக்கொள்ளாமல் இருக்க, 1969 முதல் தெருக்களுக்கு நடுவே சுவர்கள் எழுப்பினார்கள். அவற்றுக்கு 'அமைதிச் சுவர்' என்று பெயர். சில சுவர்கள் இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கின்றன. சில இடங்களில் சுவருக்கு நடுவே கதவு இருக்கும். இரவானால் அதையும் பூட்டிவிடுவார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் உங்களைப் போலவே ஒரு பையன் பந்து விளையாடிக்கொண்டிருப்பான். பந்து சுவரில் மோதும் சத்தம்கூடக் கேட்கும். ஆனால் அவன் பெயர் உங்களுக்குத் தெரியாது!

பள்ளிக்கூடத்திலும் ஒரு சுவர்

இந்தச் சுவர் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சுவரும் இருந்தது. அதுதான் பள்ளிக்கூடம்.

கத்தோலிக்கப் பிள்ளைகள் கத்தோலிக்கப் பள்ளிக்குப் போவார்கள். புராட்டஸ்டண்ட் பிள்ளைகள் அரசு நடத்தும் பள்ளிக்குப் போவார்கள். யூனிஃபார்மைப் பார்த்தாலே யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். விளையாட்டுகூட வேறு வேறு! கத்தோலிக்கப் பள்ளிகளில் கேலிக் கால்பந்து, ஹர்லிங் என்ற ஐரிஷ் விளையாட்டுகள். மற்றப் பள்ளிகளில் ரக்பி, ஹாக்கி, கிரிக்கெட்.

'எங்கள் நம்பிக்கைப்படி எங்கள் பிள்ளைகளை வளர்க்க வேண்டும்' என்று நினைப்பதில் தவறில்லை. அந்தப் பள்ளிகளில் நல்ல ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். பாடமும் நன்றாகத்தான் நடந்தது. ஒரே ஒரு விஷயம்தான் நடக்கவில்லை. அந்தப் பக்கத்துப் பிள்ளையும் இந்தப் பக்கத்துப் பிள்ளையும் சந்தித்துக்கொள்ளவே இல்லை!

18 வயது வரை மறுபக்கத்து நண்பர் ஒருவர்கூட இல்லாமல் வளர்ந்தவர்கள் அங்கே ஏராளம். நமக்குத் தெரியாத ஒருவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவோம் இல்லையா? "அவங்க எல்லாம் மோசம்பா" என்று ஒருவர் சொன்னால், "இல்லையே, என் பக்கத்து சீட்டுக்காரன் அப்படி இல்லையே!" என்று பதில் சொல்ல, முதலில் ஒரு பக்கத்து சீட்டுக்காரன் வேண்டுமே!

"நாமே தொடங்கிவிடலாம்!"

பெல்ஃபாஸ்டில் சில பெற்றோர் இதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். கத்தோலிக்கரும் இருந்தார்கள், புராட்டஸ்டண்டும் இருந்தார்கள். 1974-ல் அவர்கள் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். 'எல்லாக் குழந்தைகளும் ஒன்றாக' என்று அதற்குப் பெயர்.

அவர்கள் எழுதினார்கள், பேசினார்கள், தலைவர்களைப் போய்ப் பார்த்தார்கள். அவர்களுடைய முயற்சியால் 1978-ல் ஒரு சட்டம் வந்தது. டன்லீத் பிரபு என்பவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அதைக் கொண்டுவந்தார். ஏற்கெனவே நடக்கும் பள்ளிகள் விரும்பினால், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளியாக மாறிக்கொள்ளலாம் என்றது சட்டம்.

எத்தனை பள்ளிகள் மாறின தெரியுமா? ஒன்றுகூட இல்லை!

பல பேர் தயங்கினார்கள். சமயத் தலைவர்களிலும் பலருக்கு இது பிடிக்கவில்லை. "நம் பிள்ளைகள் நம் நம்பிக்கையை மறந்துவிடுவார்களே" என்று பயந்தார்கள்.

அந்தப் பெற்றோர் ஒரு முடிவுக்கு வந்தார்கள். 'யாரும் மாறவில்லை என்றால் என்ன? நாமே ஒரு பள்ளியைத் தொடங்கிவிடலாம்!'

சொல்வது எளிது. இடம் வேண்டும், ஆசிரியர் வேண்டும், பணம் வேண்டும். அரசு உதவி தொடக்கத்தில் கிடையாது. பெற்றோர் கைப்பணம் போட்டார்கள். சில அறக்கட்டளைகள் உதவின. நகரத்தின் ஓரத்தில் சாரணர்கள் முகாம் நடத்தும் ஓர் இடம் கிடைத்தது.

அது எப்படிப்பட்ட ஆண்டு தெரியுமா? 1981. சிறையில் உண்ணாவிரதம் இருந்த கைதிகள் 10 பேர், மே முதல் ஆகஸ்ட் வரை ஒருவர் பின் ஒருவராக இறந்துபோனார்கள். ஊரெல்லாம் ஒரே கொந்தளிப்பு. தெருக்களில் கல்வீச்சு, தீவைப்பு. ஒரு பக்கத்தார் இன்னொரு பக்கத் தெருவில் கால் வைக்கவே பயந்த நேரம் அது.

அந்த நேரத்தில்தான், 1981 செப்டம்பர் மாதம், லாகன் காலேஜ் திறந்தது. வட அயர்லாந்தின் முதல் ஒருங்கிணைந்த பள்ளி!

முதல் நாள் எத்தனை பேர் வந்தார்கள்? 28 பேர். நம் ஊரில் ஒரு வகுப்பில்கூட அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். ஷீலா கிரீன்ஃபீல்டு என்பவர்தான் முதல் தலைமை ஆசிரியை.

அந்த 28 பேரும் 11, 12 வயதுப் பிள்ளைகள். கிட்டத்தட்ட உங்கள் வயதுதான்! கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தெருவில் உங்கள் நண்பர்கள் எல்லாரும் ஒரு பள்ளிக்குப் போகிறார்கள். நீங்கள் மட்டும் வேறு பள்ளிக்குப் போகிறீர்கள். அதுவும் 'அந்தப் பக்கத்து' பிள்ளைகள் வரும் பள்ளிக்கு! பெரியவர்கள் கூட்டம் போட்டு முடிவெடுத்தது ஒரு தைரியம் என்றால், காலையில் பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பள்ளிக்குள் நுழைந்தது இன்னொரு தைரியம் அல்லவா?

சாமி படத்தைக் கழற்ற வேண்டுமா?

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். 'எல்லாரும் சேர்ந்து படிக்க வேண்டும் என்றால், பள்ளியில் மதமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமே? பிரச்சினையே இருக்காதே!'

நல்ல கேள்வி. உலகத்தில் பல பள்ளிகள் அப்படித்தான் நடக்கின்றன. ஆனால் லாகன் காலேஜ் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. 'இது கிறிஸ்தவப் பள்ளி. ஆனால் எல்லாருக்குமான பள்ளி' என்றது.

அது எப்படி முடியும்? நம் வீட்டை வைத்தே யோசிப்போம். வேறு மதத்தைச் சேர்ந்த நண்பன் வீட்டுக்கு வருகிறான். அவனுக்காகப் பூஜை அறையில் இருக்கும் சாமி படத்தை அம்மா கழற்றி வைப்பாரா? மாட்டார். அதே சமயம், "நீ எங்கள் சாமியைக் கும்பிட்டால்தான் சாப்பாடு" என்று சொல்வாரா? அதுவும் மாட்டார்! வீடு நம் வீடாகவே இருக்கும். வந்தவனும் அவனாகவே இருப்பான். இலை போட்டுப் பரிமாறுவதில் மட்டும் எந்த வித்தியாசமும் இருக்காது.

லாகன் காலேஜும் அப்படித்தான். அங்கே பிரார்த்தனை உண்டு. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் எல்லாம் உண்டு. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் இரு தரப்பிலிருந்தும் ஆன்மிக வழிகாட்டிகள் பள்ளிக்கு உண்டு. ஆசிரியர்களும் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். வேறு மதத்தைச் சேர்ந்தவர்கள், எந்த மதத்தையும் பின்பற்றாதவர்கள் எல்லாருக்கும் இடம் உண்டு. எல்லாரும் 'ஒன்றாக இருக்க வேண்டும்' என்ற பொருள் வரும் லத்தீன் வாசகம்தான் பள்ளியின் குறிக்கோள்.

இன்னொரு விஷயம். வட அயர்லாந்தில் 11 வயதில் ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. அதில் நல்ல மதிப்பெண் வாங்கினால் ஒரு வகைப் பள்ளி, இல்லையென்றால் வேறு வகைப் பள்ளி என்று பிள்ளைகள் பிரிந்து போவது வழக்கம். லாகன் காலேஜ் தொடங்கியபோதே, நன்றாகப் படிக்கிறவர், மெதுவாகப் படிக்கிறவர் எல்லாரும் ஒரே பள்ளியில் இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். கதவைத் திறப்பது என்று ஆன பிறகு, பாதி திறந்தால் போதுமா?

சாம்பலும் சிவப்புப் பூவும்

சரி, இப்படி எல்லாரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுதான் இல்லை! சேர்ந்து உட்கார்ந்த பிறகுதான் உண்மையான வேலையே தொடங்குகிறது.

ஓர் உதாரணம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் நாள் சாம்பல் புதன். அன்று கத்தோலிக்கர்கள் கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பலால் சிலுவை அடையாளம் இட்டுக்கொள்வார்கள். தனிப் பள்ளியில் படித்திருந்தால் ஒரு புராட்டஸ்டண்ட் பிள்ளை அதைப் பக்கத்தில் பார்த்திருக்கவே மாட்டான். ஒருங்கிணைந்த பள்ளியிலோ, நெற்றியில் சாம்பலோடு பக்கத்து சீட்டில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்!

இப்போது மறுபக்கம். நவம்பர் மாதம் பிரிட்டனில் போரில் இறந்த வீரர்களின் நினைவாக, காகிதத்தால் செய்த சிவப்பு பாப்பிப் பூவைச் சட்டையில் குத்திக்கொள்வார்கள். புராட்டஸ்டண்ட் குடும்பங்களில் இது மிகவும் முக்கியம். கத்தோலிக்கர் பலருக்கோ, அந்தப் பூவைப் பார்த்தால் தங்கள் தெருவில் துப்பாக்கியோடு நின்ற பிரிட்டிஷ் ராணுவம்தான் ஞாபகம் வரும்.

என்ன செய்வது? 'சாம்பலும் வேண்டாம், பூவும் வேண்டாம்' என்று இரண்டையும் தடை செய்துவிடலாம். ஆனால் ஒருங்கிணைந்த பள்ளிகளின் நோக்கம் அதுவல்ல. உனக்கு முக்கியமானதை நீ மறைக்க வேண்டாம். ஆனால் அது என்ன, ஏன் என்று பக்கத்தில் இருப்பவன் கேட்டால் பொறுமையாகச் சொல்ல வேண்டும். அவன் தன்னுடையதைச் சொல்லும்போது நீயும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இதுதான் அவர்கள் கற்றுத்தர விரும்பும் பாடம்.

சரித்திரப் பாடமும் அப்படித்தான். 1916-ம் ஆண்டு என்றாலே கத்தோலிக்கப் பிள்ளைக்கு டப்ளின் நகரம் நினைவுக்கு வரும். அந்த ஆண்டு ஈஸ்டர் சமயத்தில் அங்கே பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஒரு புரட்சி நடந்தது. புராட்டஸ்டண்ட் பிள்ளைக்கோ, அதே 1916 என்றால் பிரான்ஸ் நாட்டில் இருக்கும் சோம் போர்க்களம் நினைவுக்கு வரும். முதல் உலகப் போரில், அந்த ஆண்டு ஜூலை முதல் தேதி, வட அயர்லாந்துப் பகுதியிலிருந்து போன வீரர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இறந்தும் காயப்பட்டும் விழுந்தார்கள்.

ஒரே ஆண்டு, இரண்டு துக்கம்! இரண்டையும் ஒன்றாகப் படித்தால் இன்னொன்றும் தெரியவரும். சோம் போர்க்களத்தில் கத்தோலிக்க ஐரிஷ் வீரர்களும் நிறையப் பேர் உயிர் விட்டிருக்கிறார்கள். "எங்கள் தாத்தாக்களும் உங்கள் தாத்தாக்களும் ஒரே இடத்திலா இறந்தார்கள்?" என்று யோசிக்கும்போது, சுவரில் ஒரு செங்கல் உதிராதா என்ன?

அந்தக் கஷ்டமான காலைப் பொழுது

இவ்வளவு நேரம் படித்தது கொஞ்சம் சுலபமான பாடம். கஷ்டமான பாடம் ஒன்றும் இருந்தது.

1993 அக்டோபர் மாதம். ஒரு சனிக்கிழமை பெல்ஃபாஸ்டில் புராட்டஸ்டண்டுகள் வாழும் ஷாங்கில் சாலையில், கூட்டமாக இருந்த ஒரு மீன் கடையில் குண்டு வெடித்தது. குழந்தைகள் உள்பட அப்பாவி மக்கள் 9 பேர் இறந்தார்கள். குண்டு வைக்க வந்தவர்களில் ஒருவரும் இறந்தார். சரியாக அடுத்த சனிக்கிழமை, கிரேஸ்டீல் என்ற கிராமத்தில் இருந்த விடுதி ஒன்றில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதில் 8 பேர் உயிர் போயிற்று. இந்த முறை இறந்தவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்.

அப்படிப்பட்ட நாள்களில் மற்றப் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கள் பக்கத்தாரோடு மட்டும் சேர்ந்து அழலாம், கோபப்படலாம். ஒருங்கிணைந்த பள்ளியில்? நீங்கள் வகுப்புக்குள் நுழைகிறீர்கள். மறுபக்கத்து நண்பன் உங்கள் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறான். 'அவன் பக்கத்து ஆள்கள்தானே இதைச் செய்தது?' என்று மனசு ஒரு நிமிடம் சொல்லும். ஆனால் அவனைப் பார்க்கிறீர்கள். நேற்று உங்களுக்கு ரப்பர் கொடுத்தவன். உங்களோடு பந்து விளையாடியவன். அவனா செய்தான்? அவனும் உங்களைப் போலவே பயந்துபோய்த்தானே உட்கார்ந்திருக்கிறான்?

யாரோ செய்த தவறுக்கு, அவர்கள் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதற்காக இன்னொருவனைத் தண்டிக்கக்கூடாது. இதைப் புத்தகத்தில் படிப்பது எளிது. அந்த மாதிரி ஒரு காலையில் பக்கத்து சீட்டுக்காரனின் முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்வது இருக்கிறதே... அதற்கு எந்தப் பரீட்சையும் ஈடாகாது.

28 ஆயிரம் தாண்டியது

பள்ளி வளர்ந்தது. 1984-ல் அரசு உதவி கிடைக்கத் தொடங்கியது. பல காலம் தற்காலிக வகுப்பறைகளில் பாடம் நடந்தது. இன்று நகரத்துக்கு வெளியே, லிஸ்னாபிரீனி என்ற இடத்தில் பெரிய கட்டிடங்களோடு நிற்கிறது லாகன் காலேஜ். 28 பேரோடு தொடங்கிய பள்ளியில் இப்போது ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் படிக்கிறார்கள்!

ஒருவர் செய்து காட்டினால் மற்றவர்களுக்கும் தைரியம் வரும் அல்லவா? 1985-ல் பெல்ஃபாஸ்டில் மேலும் மூன்று ஒருங்கிணைந்த பள்ளிகள் தொடங்கின. 1987-ல் எனிஸ்கில்லன் என்ற ஊரில், போர் வீரர்களுக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருந்தவர்கள் நடுவே குண்டு வெடித்து 11 பேர் இறந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1989-ல், அதே ஊரில் ஓர் ஒருங்கிணைந்த தொடக்கப் பள்ளி பிறந்தது. 2013-ல் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஒபாமா அந்தப் பள்ளிக்கே நேரில் போய்ப் பிள்ளைகளைப் பார்த்தார்.

1998-ல் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அதிலும், ஒருங்கிணைந்த கல்வியை வளர்க்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். இப்போது வட அயர்லாந்தில் சுமார் 70 ஒருங்கிணைந்த பள்ளிகள் இருக்கின்றன.

அப்படியானால் எல்லாச் சுவரும் இடிந்துவிட்டதா? இல்லை, குட்டீஸ். வட அயர்லாந்தில் இன்னும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இப்படிப்பட்ட பள்ளிகளுக்கு வெளியேதான் படிக்கிறார்கள். அமைதிச் சுவர்களிலும் பல அப்படியே நிற்கின்றன. ஒரு சுவர் எழுப்ப ஒரு வாரம் போதும். இடிக்கத்தான் தலைமுறைகள் தேவைப்படுகின்றன.

தெரிந்துகொள்ளுங்கள்!

* ஒருங்கிணைந்த பள்ளியில் ஒரு பக்கத்தார் மட்டும் அதிகமாகிவிடக் கூடாது. நூறு பேர் படித்தால் 40 பேர் கத்தோலிக்கர், 40 பேர் புராட்டஸ்டண்ட், 20 பேர் மற்றவர்கள் என்று இருப்பது நல்லது என்பது இவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

* வட அயர்லாந்தின் இரண்டாவது பெரிய ஊருக்கு இரண்டு பெயர். கத்தோலிக்கர் பெரும்பாலும் 'டெர்ரி' என்பார்கள். புராட்டஸ்டண்டுகள் பெரும்பாலும் 'லண்டன்டெர்ரி' என்பார்கள். எந்தப் பெயரைச் சொன்னாலும் நீங்கள் எந்தப் பக்கம் என்று ஊகித்துவிடுவார்கள்!

* வட அயர்லாந்தில் அமைதிக்காகப் பாடுபட்ட மைரீட் காரிகன், பெட்டி வில்லியம்ஸ் என்ற இரண்டு பெண்களுக்கு 1976-ம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு கிடைத்தது. ஒருவர் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். மற்றவரின் தந்தை புராட்டஸ்டண்ட், தாய் கத்தோலிக்கர்.

உங்கள் பக்கத்து சீட்டில் யார்?

இனி நாளைக்குப் பள்ளிக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பரைப் பாருங்கள். தினமும் பேசுகிறீர்கள், விளையாடுகிறீர்கள், டிபன் பாக்ஸைப் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள். சரிதான். ஆனால் அவர் வீட்டுப் பண்டிகை எப்படி நடக்கும்? அவர்கள் ஏன் விரதம் இருக்கிறார்கள்? அவர் நெற்றியில், கழுத்தில், கையில் இருப்பதற்கு என்ன அர்த்தம்? எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

உங்களைப் போல இல்லாத ஒருவர் வகுப்பில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாரா? அவர் பக்கத்தில் போய் உட்கார உங்களுக்குச் சுவரையெல்லாம் தாண்ட வேண்டியதில்லை. நாலு எட்டு நடந்தால் போதும்!

கடைசியாக ஒரு வேடிக்கை. கத்தோலிக்கப் பள்ளிகளின் விளையாட்டு கேலிக் கால்பந்து, மற்றப் பள்ளிகளின் விளையாட்டு ரக்பி என்று சொன்னேன் அல்லவா? இரண்டு மைதானத்திலும் கோல் கம்பங்கள் ஒரே வடிவத்தில்தான் இருக்கும். எந்த வடிவம் தெரியுமா? இரண்டு கம்பம் நேராக, நடுவில் ஒரு குறுக்குக் கம்பி... ஆமாம், அதே எட்டாவது ஆங்கில எழுத்துதான்!

அதை "ஹெய்ச்" என்று சொன்னால் என்ன, "எய்ச்" என்று சொன்னால் என்ன? எழுதும்போது ஒன்றுதானே! இரண்டு பக்கமும் இரண்டு கோடு தனித்தனியாகத்தான் நிற்கும். நடுவில் யாராவது ஒரு குறுக்குக் கோடு போட்டால்தான் அது எழுத்தாகும்.

1981-ல் அந்த 28 பேர் போட்டது அந்தக் கோட்டைத்தான்.